புதன்கிழமை லீவு

"பத்துப் பவுண் கூட இல்லையோ அஜித்தா? அஞ்சு? சரி, ஒரு கோப்பிக் காசு?"

றூபினி உண்டியலை நீட்டியபடியே நின்றாள். கன்ரீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப ஏலாது அக்கா. குறை நினைக்காதேங்கோ."

அவ்வளவுதான். அஜித்தா பாதி சாப்பிட்ட பாணைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

றூபினிக்குக் கோபம் உச்சிக்கேறியது.

ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் அந்தக் கிச்சனில் அவள்தான் சூப்பர்வைசர்; பெட்டி கட்டுகிறவர்களும் லொறி ஓட்டுகிறவர்களும் அவளுக்குக் கீழேதான். அங்கே லொறி ஓட்டுகிற டெனுசனின் ஐந்து வயது மகன் ஆதித்யாவுக்கு இரத்தப் புற்றுநோய். இங்கே மருந்து ஏறி முடிந்ததும் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் இன்னொரு சிகிச்சை செய்ய வேண்டும். செலவு கேட்டாலே தலை சுற்றும். கேள்விப்பட்ட அன்றே றூபினி களத்தில் இறங்கிவிட்டாள். வடை சுட்டு விற்றாள். லொத்தர்ச் சீட்டுக் குலுக்கினாள். தட்டுக் கழுவுகிற போலந்துக் கிழவர்கூட இருபது பவுண் போட்டார்.

போடாதது ஒரே ஒரு ஆள்.

"நெஞ்சில ஈரம் இருந்தால்தானே!" என்று பக்கத்தில் நின்ற ஷெறோனிடம் பொரிந்தாள். "தனிக்கட்டை. பிள்ளை குட்டி இல்லை. போன மாசம் என்னட்ட வந்து, 'சம்பளம் இல்லாட்டிலும் பரவாயில்லை அக்கா, இனிப் புதன்கிழமை வரமாட்டன்' எண்டு நிண்டது. சரி, பெட்டி கட்டுற ஆள்தானே எண்டு நானும் விட்டன். ஊர் சுத்த வசதி இருக்கு, ஒரு நோயாளிப் பிள்ளைக்குக் குடுக்க இல்லை!"

"சில பேர் அப்பிடித்தான் அக்கா, விடுங்கோ."

"விடுறதோ? காசு குடுத்த எல்லாற்ற பேரையும் வட்ஸ்அப் குறூப்பில போடுறன். ஆற்ற பேர் இல்லை எண்டு சனமே பாக்கட்டும்."

போட்டாள். நாற்பத்தொரு பெயர். கீழே யாரோ 'அஜித்தா எங்க?' என்று கேட்டிருந்தார்கள். றூபினி அதற்கு ஒரு கும்பிடு போடும் கையை மட்டும் பதிலாகப் போட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அஜித்தா இருந்த மேசைக்கு ஒருவரும் போகவில்லை. அவளும் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுவும் றூபினிக்குத் திமிராகத்தான் பட்டது.

திங்கட்கிழமை டெனுசன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, அஜித்தாவை ஒண்டும் சொல்லாதேங்கோ. அவ…"

"நீர் இரக்கப்பட்டது காணும் டெனுசன். உம்மட பிள்ளைக்காகத்தான் நான் இவ்வளவு பேரோட மல்லுக்கட்டுறன். போம், லொறி வெளிக்கிட நேரமாச்சு."

அவன் லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை றூபினி அரைநாள் லீவு எடுத்தாள். சேர்ந்த தொகையைப் பெரிய எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை, மேசையளவு. டெனுசன் அன்றைக்கு வேலையில். தாயிடம் கொடுத்து, பிள்ளையோடு ஒரு படம் எடுத்துக் குறூப்பில் போட்டால் எல்லாருக்கும் சந்தோசமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் கடைசிக் கட்டிலைக் காட்டினாள்.

அங்கே தாய் இல்லை. முகக்கவசத்தோடு அஜித்தா இருந்தாள். தலைமயிர் கொட்டிப்போன ஆதித்யா, அவள் பிடித்திருந்த கிண்ணத்துக்குள் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய நெற்றியைத் தாங்கியிருந்தாள்.

"முடிஞ்சுது ராசா. இன்னும் கொஞ்சம்தான்."

றூபினிக்கு அட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"புதன்தான் அக்கா இவருக்கு மருந்து ஏத்துற நாள். காலமை துடங்கினால் பின்னேரம் ஆறு மணியாகும்." அஜித்தா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். "தாய்க்கு ரெண்டு மாசக் கைக்குழந்தை. அதை இஞ்ச உள்ளுக்கு விடமாட்டினம். இவரைத் தனிய விடேலுமே? அதுதான் நான் வாறன்."

"அப்ப அந்தக் காசு…"

"கிழமையில ஒரு நாள் சம்பளம் போகுது. வாடகை கட்டினால் மிச்சம் ஒண்டுமில்லை. அதுதான் ஏலாது எண்டனான்."

றூபினி அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தினாள். நாற்பத்தொரு பெயரும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து ஆதித்யா முனகினான். "அன்ரி, அப்பா இண்டைக்கும் வேலையா?"

அந்தக் கேள்வியில் றூபினியின் கோபத்துக்குப் புதிதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டான். அஜித்தாவின் காதருகே குனிந்து சீறினாள்.

"பாத்தீரே! ஊர்ச்சனமெல்லாம் இந்தப் பிள்ளைக்காக அலையுது. பெத்த தகப்பனுக்குக் கிழமையில ஒரு நாள் பக்கத்தில வந்து இருக்கேலாதோ? அப்பிடி என்ன வெட்டி முறிக்கிற வேலை? என்ன மனுசன் அவன்!"

அஜித்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவர் புதன்கிழமை லீவு கேட்டு மூண்டு தரம் எழுதித் தந்தவர் அக்கா. 'லொறி ஓட்ட ஆளில்லை, ஏலாது' எண்டு மூண்டு தரமும் கையெழுத்து வைச்சது நீங்கள்தான்."