அறுபத்தொரு வீத மாப்பிள்ளை

கக்கத்தில் தோல் பை, நெற்றி நிறைய வியர்வை, மாப்பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. வந்திருப்பவர் கலியாண புரோக்கர்தான் என்று டிலக்ஷன் முடிவெடுத்தான். புள்ளிவிபரவியல் விரிவுரையாளனான அவனுக்கு மூன்று தரவே தாராளம்.

பெயரைச் சொல்ல வாயெடுத்தவரை, "தெரியும், இருங்கோ" என்று கதிரையில் இருத்தியும் விட்டான்.

"பிரகாஸைப் பற்றிச் சுன்னாகம் சந்தையிலை ஆரிட்டையும் விசாரிச்சுப் பாருங்கோ, தம்பி. வெங்காயக் கடைக்காரர் எல்லாருக்கும் தெரியும். குடியில்லை, சிகரெட் இல்லை."

"விசாரிக்கிறது உங்கடை தொழில், ஐயா. நான் கணக்குப் பாக்கிறனான்."

தங்கை கோபிகா தேத்தண்ணீரோடு வந்தாள். பிரகாஸை விரும்புகிறவள் அவள்தான். தகப்பன் இல்லாத அந்த அச்சுவேலி வீட்டில் கலியாணத்துக்கு ஓம் சொல்ல வேண்டியவன் டிலக்ஷன். ஆவணி பிறந்ததிலிருந்து அவன் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"சீனி போட்டதோ, பிள்ளை?" என்று கேட்டார் வந்தவர்.

"போடேல்லை." பிறகு தமையனைப் பார்த்து, "அண்ணை, பிரகாஸ் வீட்டிலை ஒருக்காக் கேட்டியள் எண்டால்..." என்று தொடங்கினாள்.

"ஒரு ஆளின்ரை கதை தரவு ஆகாது. உள்ளை போ."

அவள் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பிடி என்ன கணக்கு? சொல்லுமன் பாப்பம்." வந்தவரின் குரலிலிருந்த மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

டிலக்ஷன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான். "பிரகாஸின்ரை ஊர், சண்டிலிப்பாய்ப் பக்கத்துச் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு நோயாளர், எழுபது பேர். கிளினிக் பதிவை வைச்சுப் பத்து வருஷத்துக் கதையைப் பாத்தனான். நாற்பத்துமூண்டு பேர் செத்திட்டினம். நூற்றுக்கு அறுபத்தொரு வீதம்."

"செத்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"கிளினிக்குக்கு வாறது நிண்டிட்டுது. மருந்து காசில்லாமல் குடுக்கினம். உயிரோடை இருக்கிற யாழ்ப்பாணத்தான் அதை விடுவானோ?"

வந்தவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "பிரகாஸின்ரை தகப்பனும் அதுக்குள்ளையோ?"

"முத்துக்குமாரு, வயது நாற்பத்தாறு. முதல் வருஷமே ஆள் முடிஞ்சுது. தகப்பன் இளவயசிலை போனால் மகனுக்கும் ஆபத்து இரட்டிப்பு. நாளைக்கு என்ரை தங்கச்சி தாலியறுத்துக்கொண்டு நிப்பாள். நீங்கள் உங்கடை கொமிஷனோடை அடுத்த வீட்டுப் படலையைத் தட்டுவியள்."

"தாய்க்காரியை ஒருநாளாவது பாத்தனீரோ?"

"சந்தையிலை கண்டனான். பெரிய குங்குமப் பொட்டும் பூவுமாய்த் திரியுறா. முற்போக்கான மனிசி. அதுக்கு நான் எதிரில்லை."

கதவடியில் இருமல் சத்தம் கேட்டது. கோபிகா சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"உம்மைப்போல ஒரு படிச்ச மொக்கை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை!" வந்தவர் கதிரையின் கையில் ஓங்கி அடித்தார். "நாற்பத்துமூண்டு பேரைச் சாக்காட்டினீரே, ஒரு செத்தவீட்டுக்கெண்டாலும் போய்ப் பாத்தனீரோ?"

"செத்தவீட்டுக்குப் போய்ப் பந்தலை எண்ணுறதுக்குப் பேர் ஆய்வில்லை!"

"வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு ஆக்களைக் கொல்லுறதுதான் ஆய்வோ?"

டிலக்ஷன் எழும்பி வாசலைக் காட்டினான். "உங்களை மாதிரிப் புரோக்கர்மாரைக் கேற்றுக்கு உள்ளை விட்டதே பிழை. வெளியிலை போங்கோ. போய், செத்துப்போன அந்த முத்துக்குமாருவை எழுப்பிக்கொண்டு வாங்கோ. அவர் வந்து பொம்பிளை கேட்டால் இந்தக் கலியாணத்துக்கு நான் ஓம்!"

"சொன்ன சொல்லு மாறமாட்டீரே?"

"மாறன்."

வந்தவர் எழும்பித் தோல் பையைத் திறந்தார். தான் பத்து வருஷமாக இருக்கும் கனடாவிலிருந்து கொண்டுவந்த சொக்லேற் பெட்டியொன்றை எடுத்து, "இந்தாரும் மருமேள்" என்று கோபிகாவின் கையில் கொடுத்தார். பிறகு அவசரமில்லாமல் டிலக்ஷன் பக்கம் திரும்பினார்.

"என்ரை செத்தவீட்டை எனக்கு ஏன் தம்பி ஒருதரும் சொல்லேல்லை?"