அனிபால் பேரில் வந்த திருத்தங்கள்

அனிபாலை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இன்று காலையும் அவன் பெயரில் கணினி நிரலுக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது.

யார் வேண்டுமானாலும் தங்கள் இணையச் சேவையை அமைத்துக்கொள்ளும்படி மொந்தெவிதேயோ நகரில் ஒரு பொதுத் தளம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியாட்களும் நிரல் எழுதி அனுப்பலாம்; அனிபால் நாலு வருஷமாக வீட்டிலிருந்தே அனுப்பிவந்தவன். அதன் தலைமைப் பொறியாளர் ஒலேகாரியோ அந்தத் திருத்தத்தை மறுபடியும் திறந்து பார்த்தார். அனிபாலின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். வந்த வரிகளோ அச்சு அசல் அனிபாலின் நடை. நேற்றுத்தான் தெரியவந்த பிழையைக்கூட அவை சரிசெய்திருந்தன.

"பேய்க்கும் கடவுச்சொல் ஞாபகம் இருக்கு போல சார்" என்றாள் உடன் வேலை செய்யும் நெல்லி. சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை.

மதியமே அவர் அனிபாலின் வீட்டுக்குப் போனார். மனைவி ஸுல்மா மாத்தே தேநீர் கொடுத்தாள். மேசையில் கணினி திறந்திருந்தது.

"அவன் எழுதி வெச்சதை நீங்க அனுப்புறீங்களா?"

"இல்ல சார், நானே எழுதுறேன்."

"அவன் எழுதுன மாதிரியே இருக்கே! எப்போ கத்துக்கிட்டீங்க?"

"அவர்தான் என்கிட்ட கத்துக்கிட்டார். நாலு வருஷமா உங்களுக்கு வந்தது எல்லாமே நான் எழுதினது."

ஒலேகாரியோ கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க பேர்லயே அனுப்பியிருக்கலாமே! எல்லாருக்கும் திறந்த தளம்தானே?"

ஸுல்மா கணினியை அவர் பக்கம் திருப்பினாள். 'அனுபவமுள்ளவர்கள் எழுதியதை மட்டுமே சேர்ப்போம்' என்று அவளுக்கு வந்திருந்த பழைய கடிதம் தெரிந்தது. கீழே இருந்தது ஒலேகாரியோவின் பெயர்.

"என் பேர்ல மூணு தடவை அனுப்பினேன் சார். நாலாவது தடவை ஒரு எழுத்துக்கூட மாத்தாம, அவர் பேர்ல அனுப்பினோம். அன்னிக்கே சேர்த்துட்டு, 'பிரமாதம்'னு எழுதினீங்க."