நாலு டயர், நாலு உயரம்

"சாவி கேக்கற வேலையே வேண்டாம். திங்கட்கிழமை புது வேலைக்கு பஸ்ஸிலயே போ" என்றார் சர்வேயர்.

"அந்த மலைப்பாதைக்கு பஸ்ஸே கிடையாதுப்பா" என்றாள் மகள்.

"அதுக்கு நான் என்ன பண்றது? காரைக் கெடுத்தது யாருன்னு தெரியற வரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் கார் கிடையாது."

மகளுக்கு அழுகை வரும்போல இருந்தது. மெக்கானிக் ஷெட்டின் பெஞ்சில் பக்கத்தில் இருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தம்பி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

சர்வேயருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, தப்பு யார் மேல், புளுகுவது யார் என்று எழுதிக் கொடுப்பார். ஒரு கீறலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. அந்த வேலையை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிடுவார் என்பது வீட்டாரின் தலைவலி. மனைவி ஒருமுறை காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தபோது, அவளைச் சம்பவ இடத்துக்கே திரும்ப அழைத்துப்போய், "அப்ப வெயில் எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று கேட்ட மனுஷன்.

இப்போது அவர் கார் ஒவ்வொரு திருப்பத்திலும் வயிற்றுவலிக்காரனைப்போல் முனகியது. சாதாரணக் காரும் இல்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கார்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மெக்கானிக் இறங்கி வந்தார். "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல சார். டயர்லதான் கோளாறு. எதிர்க்கடையில காட்டிடுங்க."

"அந்தக் கடையா? எப்பவும் கூட்டமா இருக்குமே" என்றாள் மனைவி.

"அந்த ஆளு சரியில்ல அத்தான்" என்றான் மைத்துனன், கண்ணைத் திறக்காமலே.

"வேற கடைக்குப் போலாம்ப்பா."

சர்வேயருக்கும் அந்தக் கடை பிடிக்காது. "விலை ஜாஸ்தி போடுவான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், மெக்கானிக்கே காரைக் கொண்டுபோய் எதிர்க்கடை வாசலில் நிறுத்திச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

டயர்க்கடைக்காரர் வந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அளவுக்கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் விட்டுப் பார்த்தார்.

"நாலு டயரும் நாலு உயரம் சார். இந்த மாதிரி காருக்கு நாலும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு இருந்தா சக்கரத்துக்குச் சக்கரம் மல்லுக்கு நிக்கும். அதான் முனகல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கியர்பாக்ஸே போயிருக்கும்."

"காரோட வந்த டயர்தானே எல்லாம்?"

"இல்ல சார். ஒவ்வொண்ணா மாத்தியிருக்காங்க."

"யாரு?"

கடைக்காரர் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். "என் வேலை டயர் மாத்துறது மட்டும்தான் சார்."

சர்வேயர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பின்பக்க இடது டயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று வீட்டாருக்குப் புரிந்தது.

"அது நான்தான்ப்பா" என்றாள் மகள். "நடைபாதை ஓரக் கல்லுல உரசிக் கிழிஞ்சுபோச்சு. உங்க கேள்விக்குப் பயந்து நானே மாத்திட்டேன். புதுசுன்னு தெரியக் கூடாதுன்னு மேல சேறு பூசினேன்."

மைத்துனன் கண்ணைத் திறந்தான். "உனக்கும் அதே யோசனையா? முன்பக்க வலது நான், அத்தான். குழியில விட்டுட்டேன். நான் பூந்தொட்டி மண்ணைப் பூசினேன்."

"அதுக்குத்தான் என் செடி வேர் தெரிய நின்னுச்சா?" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பின்பக்க வலது நான். வெயில் எந்தப் பக்கம்னு இன்னொரு தடவை பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

சர்வேயர் கடைக்காரர் பக்கம் பாய்ந்தார். "ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாதுன்னு நீங்களாவது சொல்லியிருக்க வேண்டாமா?"

"வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன் சார். நாலும் புதுசா இருந்தா வீட்டுல தெரிஞ்சுபோயிடும், ஒண்ணே போதும்னாங்க."

சர்வேயர் எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கோங்க. இடிக்கிறது தப்பே இல்ல. மறைக்கிறதுதான் தப்பு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கார் இப்படி முனகுமா? ஒரு டயருக்கு உண்மை பேச முடியாதவங்களை நம்பி எப்படிச் சாவி கொடுக்கறது? திங்கட்கிழமை நீ வேற வழி பார்த்துக்கோ. கடைக்காரரே, பேச்சை விடுங்க, நாலையும் கழட்டிட்டுப் புதுசு போடுங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தாள்.

"அப்ப, முன்பக்க இடது மட்டும்தான் காரோட வந்ததா?"

"இல்லம்மா" என்றார் கடைக்காரர். "அதுதான் முதல்ல மாத்தினது. நீங்க மூணு பேரும் வந்ததெல்லாம் அதுக்கு அப்புறம்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சர்வேயரைப் பார்த்தார்கள். கடைக்காரர் ஜாக்கியை எடுத்துவர அவசரமாக உள்ளே போனார்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மகளின் கையில் வைத்தார்.

"மலைப்பாதை, பார்த்து ஓட்டு. எங்கயாவது இடிச்சுட்டா என்கிட்ட வந்து சொல்லு" என்றவர், மனைவியின் பார்வை நகராததைக் கண்டு குரலை இறக்கிக்கொண்டார். "இனிமே நானும் சொல்றேன்."