மாட்டுக்கொம்பு ஹேண்டில்பார்

"அதைக் கழட்டிட்டுப் பழைய ஹேண்டில்பாரையே மாட்டுங்க. நாளைக்கு வண்டியை வாங்க ஆள் வருது!"

ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போதே கணவர் கத்தினார். மெக்கானிக் ஸ்பானரோடு நிமிர்ந்தான். மனைவி நிமிரவே இல்லை. அந்தப் பெரிய டூரிங் பைக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு புது ரப்பர் கிரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வேலையைப் பாருங்க தம்பி. வண்டி என் பேர்ல இருக்கு. நான் கையெழுத்துப் போடாம எவனும் வாங்க முடியாது."

உண்மைதான். பத்தாவது கல்யாண நாளில், ரொம்பத் தாராளமாக அதை அவள் பேரில் வாங்கியவரே அவர்தான். இப்போது அதை நினைத்துப் பல்லைக் கடித்தார்.

"யாரைக் கேட்டு இங்கே கொண்டு வந்தே?"

"யாரைக் கேட்கணும்? பேட்டரி செத்துக் கிடந்தது. வேன்ல ஏத்திட்டு வந்தேன், புதுசு போட்டாச்சு. திங்கக்கிழமை கிளம்புறேன். இருபது நாள். மூவாயிரம் கிலோமீட்டர்."

"நீயா? தனியாவா?"

"ஆறு மாசமா தினம் காலைல அஞ்சரை மணிக்கு எங்கே போறேன்னு நினைச்சீங்க? காத்து வாங்கவா? கிளாசுக்கு."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், மலைப்பாதை வளைவில் இதே வண்டி சறுக்கி விழுந்தது. பின்னால் இருந்த அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்கு வலது முழங்கையில் பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியைப் போர்வையால் மூடியவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

"விழுந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"நானும்தானே விழுந்தேன்? தூசியைத் தட்டிட்டு எழுந்து வந்துட்டேன். நீங்கதான் இன்னும் அங்கேயே விழுந்து கிடக்கீங்க."

மெக்கானிக் குனிந்து, ஏற்கெனவே பளபளத்த பெட்ரோல் டேங்கை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

"இருபது வருஷம் உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே ஊர் சுத்தினேன்," என்றாள் அவள். "போதும். இனிமே நான் ரோட்டைப் பார்க்கப் போறேன். நீங்க வீட்ல உட்கார்ந்து போர்வையைத் துவைச்சுக் காயப் போடுங்க."

"போறதுதான் போறே, அதுக்கு எதுக்கு இந்த மாட்டுக்கொம்பு?"

"என் கை குட்டை. எட்டி எட்டிப் பிடிச்சா தோள் போயிடும். அதான் உயரமா, உட்கார்றவங்க பக்கம் வளைஞ்சு வர்ற மாதிரி தேடி வாங்கினேன். கேபிளும் நீளமா மாத்தியாச்சு." மடியிலிருந்த கிரிப் ஒன்றை எடுத்து வலது பக்கம் நீட்டினாள். "இதை இங்கே மாட்டுங்க தம்பி."

"ஐயோ, அது இடது பக்கத்துக்கு! ஆக்ஸிலேட்டர் பக்கம் போறதுக்கு ஓட்டை பெருசா இருக்கும். ஆறு மாசமா என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தான் அந்தப் புண்ணியவான்?"

வெடுக்கென்று அதைப் பிடுங்கினார். காற்றுக் குழாயைக் கேட்டு வாங்கி, கிரிப்புக்குள் காற்றைச் செலுத்தியபடியே தள்ளினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மற்றதையும் அவரே மாட்டினார்.

"ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருப்பா. கேபிள் எங்கேயாவது இழுக்குதா?"

"இழுக்கலைண்ணே. முடுக்குறதுதான் பாக்கி." மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினான். "ஓட்டுறவங்க வண்டியில உட்கார்ந்து, கண்ணை மூடிட்டுக் கையை நீட்டணும். கை தானா எங்கே போய் நிக்குதோ, அங்கேதான் ஹேண்டில்பாரை நிறுத்தி முடுக்குவேன். என் பழக்கம் அது. ஏறுங்கக்கா."

"எனக்கு இன்னைக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு. நீங்களே குத்துமதிப்பா வச்சு முடுக்கிடுங்க."

"குத்துமதிப்பாவா!" அவருக்கு ரத்தம் கொதித்தது. "மூவாயிரம் கிலோமீட்டர் போற வண்டிக்கு? இவளை நம்பி வண்டியைக் கொடுத்தா உருப்பட்ட மாதிரிதான். தள்ளு, நான் உட்கார்றேன். ஓரளவுக்காவது சரியா இருக்கும்."

காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கண்ணை மூடினார். கைகள் இரண்டும் முன்னால் போய்க் கிரிப்பின் மேல் இறங்கின. வலது முழங்கையில் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தார். வலிக்கவில்லை. மெக்கானிக் நான்கு போல்ட்டையும் முடுக்கி முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

"கிளட்ச் இறுக்கமா இருக்கும்போல. ஒரு ரவுண்டு பார்த்துட்டுத்தான் உன் கையில தருவேன். இல்லேன்னா நடுரோட்ல நிப்பே."

"தெருமுனை வரைக்கும்தான். என் வண்டியில கீறல் விழுந்துச்சுன்னா சும்மா விட மாட்டேன்."

மெக்கானிக் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முறைத்தபடியே கிளம்பினார். தெருமுனையில் வண்டி நிற்கவில்லை. வளைவில் லேசாகச் சாய்ந்து, பெரிய சாலையில் ஏறி மறைந்தது. பத்து நிமிடமாகியும் ஆளைக் காணோம். வாசலிலேயே நின்றிருந்த அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

பயந்துவிட்டாள் என்று நினைத்த மெக்கானிக் ஆறுதலாகச் சொன்னான். "வந்துடுவாருக்கா. இப்ப அது அவர் கைக்கு நிக்குது. வந்ததும் தளர்த்தி, உங்க கைக்கு மாத்திக் கொடுத்துடுறேன்."

"ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது!" என்று சீறினாள் அவள். "ஆறு மாசமா நான் போனது நீச்சல் கிளாசுக்கு. கிளட்ச் எந்தக் கைக்குன்னுகூட எனக்குத் தெரியாது."