மடியில் இரண்டு புத்தகங்கள்

மடியில் இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு கல்லூரி நூலகத்தின் கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இந்த அலமாரியிலிருந்து ஒருவருக்கு ஒன்றுதான் தருவார்கள்.

ஒன்று, அரசியல் செய்திகள் மக்களிடம் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பற்றியது. மற்றது, மோதலின் உளவியல்.

அவள் இயற்பியல் நடத்துகிறவள். ஒன்று எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவள்.

வியாழக்கிழமை மகள் கோமுவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

கோமுவுக்கு ஒரே மாமன், இவளுடைய தம்பி. தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் கணவர் ஒரு கேலிப்படம் போட்டார். தம்பி ஒரு வரி பதில் எழுதினான். கணவர் அவனைக் குழுவிலிருந்து நீக்கினார்.

அதோடு பேச்சு நின்றது.

முதல் புத்தகத்தைத் திறந்தாள். கேலிப்படம் யாருடைய மனத்தையும் மாற்றுவதற்கானது அல்ல. அது நடுவில் ஒரு கோடு கிழிக்கும். பார்க்கிறவர்கள் தாங்களாகவே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் நின்றுகொள்வார்கள்.

எவ்வளவு கச்சிதம்.

கோட்டை அழிப்பது எப்படி என்று பக்கத்தைத் திருப்பினாள். அத்தியாயம் முடிந்திருந்தது.

இரண்டாவதைத் திறந்தாள். எதிராளி சொல்லும் நல்ல யோசனையும் சூழ்ச்சியாகவே தெரியும். அதையே மூன்றாம் ஆள் சொன்னால் நியாயமாகப் படும்.

மூன்றாம் ஆளாக அவளும் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தாள்.

தம்பி சொன்னான்: "அத்தான் ஒரு வார்த்தை கூப்பிடட்டும்க்கா. ஓடி வாரேன்."

கணவர் சொன்னார்: "ஒன் தம்பிய வரக்கூடாதுன்னு நானா சொன்னேன்? வரட்டுமே."

யாரும் மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் விசை சமமாக இருந்தால் பொருள் நகராது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறாள்.

தம்பிக்கு அவள் அத்தான் வீட்டு ஆள். கணவருக்கு அவள் தம்பி வீட்டு ஆள். அவள் எந்தப் பக்கமும் போய் நிற்கவில்லை. கோடு அவள் மேலேயே போயிருந்தது.

"மூடப்போறோம் மேடம். எதை எடுத்துக்கிடுதீங்க?"

நூலகர் கேட்டதும் அவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த கோமு தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள்.

"எனக்கு எடமே இல்ல."

அவள் புத்தகங்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டாள். கோமு ஏறி உட்கார்ந்து சாய்ந்தாள். துளையில்லாத சின்னக் காது அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

பிள்ளை மெல்லச் சரியத் தொடங்கியது. பிடித்துக்கொள்ளக் கை இல்லை.