முன்னால் நின்ற புகை

நஞ்சன்கூடு பக்கத்து ரேஸ் டிராக்கில், மூன்றாவது சுற்றிலும் அதே வளைவில் நீலப் புகை ரோனியின் கண்ணை மறைத்தது. கடுப்பில் காரை ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமலே இறங்கினான்.

ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த முறை இது. மண்டி மொஹல்லா மெக்கானிக் கடைச் சந்தில் கிடந்து தன் கையாலேயே மாற்றியமைத்த கார். எடை குறையட்டும் என்று பின்னால் பார்க்கிற கண்ணாடிகளைக்கூடக் கழற்றிவிட்டான். என்னை எவன் முந்தப் போகிறான் என்ற நினைப்பு.

“லெஸ்லி! முன்னாடி போறவன் யாருடா? புகையா விட்டுத் தள்றான்!”

டிராக்கைப் பார்த்துக்கொள்ளும் லெஸ்லி அவனோடு படித்தவன். நிதானமாக டீயை உறிஞ்சினான். “என்ன கோளாறா இருக்கும் குரு? நீதான் பெரிய மெக்கானிக் ஆச்சே.”

“நீலப் புகைன்னா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. எவனோ அரைகுறை யூடியூப் பார்த்து டர்போ மாட்டியிருக்கான், சீல் போயிருக்கும். இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டினா இன்ஜினே காலி.”

“அப்ப என்ன பண்ணலாம்?”

“புகை விடுற வண்டிக்கு இடமில்லைன்னு நீதானே போர்டு வெச்சிருக்கே? கயிறு கட்டி இழுத்து வெளியே போடு!”

லெஸ்லி கயிற்றோடு வந்து, ரோனியின் காருக்கு முன்னால் குனிந்தான்.

“டேய், என் வண்டியில ஏன்டா கட்டறே?”

“காத்தே இல்ல குரு. நீ விட்டுட்டுப் போற புகை, நீ சுத்தி வர்ற வரைக்கும் அங்கேயே நிக்குது. காலையிலேருந்து டிராக்குல உன் வண்டி ஒண்ணுதான் ஓடுது.”

ரோனி மெல்ல நடந்துபோய்க் காரின் பின்பக்கத்தைப் பார்த்தான். அன்றைக்கு அதுதான் முதல் தடவை.