முதலியார்பேட்டைப் பள்ளம்

வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. மில் தொழிலாளி கண்ணையன் குடும்பத்தால்தான் தெருவுக்கு வர முடியவில்லை. சாக்கடை கட்ட வாசலை ஒட்டி வெட்டிய பள்ளம், பணம் ஒதுக்கவில்லை என்று காண்ட்ராக்டர் போய்விட்டதால், மார்பளவு ஆழத்தில் சேறும் சகதியுமாய் வாயைப் பிளந்து கிடக்கிறது. சாக்கடை வேண்டுமென்று தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்த மகராசன் கண்ணையனேதான். குறுக்கே ஒரே ஒரு பலகை. இந்தப் பக்கம் பிரசவ வலி கண்டுவிட்ட மகள் சுலோசனா. அந்தப் பக்கம் ரிக்‌ஷாக்காரர் பொறுமையில்லாமல் மணியடிக்கிறார். "ஆடுதுப்பா" என்று வைத்த காலை எடுத்துக்கொள்கிறாள் சுலோசனா. எதிர்வீட்டிலிருந்து தெய்வசிகாமணி வருகிறார். கவுன்சிலராக இருந்தவர், தோற்காமலே, மறுபடி தேர்தலே வைக்காததால் முன்னாள் ஆனவர். "மனு குடுத்தது நீதான?" "மொத கையெழுத்து நீங்கதாண்ணே!" அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிப் பள்ளத்தில் இறங்கி, பலகைக்கு அடியில் தோளைக் கொடுக்கிறார். "வாம்மா, கீழ பாக்காத." சுலோசனா கடக்கிறாள், பின்னாலேயே அவள் தாய் செல்வாம்பாளும். கண்ணையன் காலெடுத்து வைக்குமுன் பலகை முறிந்து சேற்றில் விழுகிறது. ரிக்‌ஷா இருவரையும் ஏற்றிக்கொண்டதும் காத்திருக்கவில்லை, சுலோசனாவின் முனகலோடு மணிச்சத்தமும் தெருமுனையில் திரும்புகிறது. "என் தோள்ல கால வச்சித் தாண்டுப்பா, புள்ள போவுது பாரு" என்கிறார் தெய்வசிகாமணி பள்ளத்திலிருந்து. ஜெயித்த அன்று அவரைத் தோளில் தூக்கித் தெருவைச் சுற்றியவன் கண்ணையன். தூக்கிய கால் இறங்க மனமில்லாமல் அந்தரத்திலேயே நிற்கிறது.